கொசுறு

மூன்றாவது மொட்டைச் சும்மாதான் வைத்தேன்.
தோவாளைச் சந்தையில் மல்லிக்கும் பிச்சிக்கும் தராசு,
தாமரைக்கு மட்டும் எண்ணிக்கை.
இரண்டு வாங்குகிறவளுக்கு ஒன்று கொசுறு,
அதில் என்ன நஷ்டம்?
வெள்ளைக்காரி கையை உதறினாள்,
மொட்டுக்குப் பதில் தேளை வைத்ததுபோல.

"எக்கா, அவங்க ஊர்ல
செத்தவங்களுக்கு ரெட்டப்படை" என்றான்
அஞ்சுகிராமத்து டிரைவர் டென்னிஸ்.
பத்து ருஷ்ய வார்த்தையும்
ஒரு பழைய வாடகைக் காரும் அவன் சொத்து.
"ஒத்தப்படை உசுரோட இருக்கவங்களுக்கு."

எனக்கு அது புரியச் சிரமமில்லை.
மொய்க்கு நூற்றியொன்று எழுதுகிறோம்,
துஷ்டி வீட்டுக்கு அந்த ஒன்று போகாது.
ஒரு ரூபாய்தான்.
அதற்குள்தான் எல்லாம்.

யார் செத்தது?
மாஸ்கோவில் ஒருவர்.
கோட்டைக்குப் பக்கத்துப் பாலத்தில், ராத்திரி,
முதுகில் சுட்டிருக்கிறார்கள்.
அரசாங்கத்தை எதிர்த்துப் பேசுகிறவராம்.
அவள் புருஷன் காரைவிட்டு இறங்கவில்லை.
கண்ணாடியும் இறங்கவில்லை.
பாலத்துக்குப் பாலம் என்று நினைத்தாளோ என்னவோ,
சானல் பாலத்துக் கைப்பிடிச் சுவரில்
இரண்டையும் வைத்துவிட்டுப் போனாள்.
பத்து மணிக்கு ஒரு ஆடு வந்தது.

அவள் பெயர் ஸினயீதா.
அந்த வருஷம் ருஷ்யாவில் யார் போனாலும்
என் பேரேட்டில் ஒரு வரி விழுந்தது.
மே மாதம், அன்னமாக ஆடிப் பேரெடுத்த கிழவி: ஆறு.
அன்றைக்கு அவள் அழவில்லை.
ஈரத் தரையில் கால் விரலில் எம்பி நின்று காட்டினாள்,
கேந்தி மூட்டையோடு போன சுயம்பு
மூட்டையை இறக்காமலே பார்த்தான்.
நடு ஆகாயத்தில் விமானத்தைத் திருப்பச் சொன்ன
பழைய பிரதமர்: நான்கு.
அதற்குப் புருஷனே இறங்கி வந்தான்.
பேரம் பேசாமல் கொடுத்தான்.

என் மதினி மகள் இடிந்தகரையில் வாக்கப்பட்டவள்,
உலை வேண்டாமென்று பந்தலில் பட்டினி கிடந்தவள்.
"அவளுக்கா பூ விக்க?"
"செத்தவங்களுக்கு விக்கேன்."
இரண்டு மாசம் பேச்சில்லை.

ஆடியில் ராமேஸ்வரத்துக்காரர் போனார்.
ஜங்ஷனில் பிளெக்ஸ் கட்டி
கூடை கூடையாகக் கொட்டினோம்,
பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேறு.
யார் எண்ணினார்கள்?
ஸினயீதா வந்து நான்கு வைத்தாள்.
அத்தனை பூவில் அந்த நாலும் எங்கே போயிற்று,
மொத்தத்தில் ஒற்றையா இரட்டையா?
ராத்திரி படுத்தபின் அது மட்டும்
எலி மாதிரி கொறித்தது.

ஆவணியில் ஒரு நாள் ஐந்து கேட்டாள்,
புருஷனுக்குப் பிறந்தநாள்.
நான் திரும்புவதற்குள் சுயம்பு
பழக்கத்தில் ஒன்று கொசுறு வைத்துவிட்டான்.
செருப்பில்லாமல் காருக்குப் பின்னால் ஓடினேன்.
கொடுத்த பூவைப் பிடுங்க இப்படி ஓடியவள்
இந்தச் சந்தையில் வேறு யாருமில்லை.

பிறகு ஐப்பசி மழை.
குளம் நிரம்பிக் கொடி அமிழ்ந்து
தாமரை வரத்தே இல்லை.
டென்னிஸ் விடியுமுன்னே வந்தான்.
இருநூற்று இருபத்து நான்கு வேணுமாம்.
எகிப்துக்குக் கடல் பார்க்கப் போன சனம்,
வீடு திரும்புகிற விமானம்,
பிள்ளைகளும் உண்டு.
தேரூர்க் குளத்தில் ஆள் இறக்கினேன்.
நெஞ்சளவு தண்ணீரில் தடவித் தடவிப் பறித்தும்
சேர்ந்தது நூற்று அறுபத்து மூன்று.
இரண்டு தடவை எண்ணினேன்.
அவளும் எண்ணினாள், அவள் பாஷையில்,
உதடு மட்டும் அசைய.
பிறகு ஒரு மொட்டை உருவி
என் தராசுத் தட்டில் வைத்தாள்.
விலை முழுசுக்கும் கொடுத்தாள்.

அறுபத்து இரண்டு பேருக்குப் பூ இல்லை.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.
டென்னிஸிடம் அதற்கான வார்த்தை இல்லை,
என்னிடம் இருந்ததா?

வரவு நூற்று அறுபத்து மூன்று,
செலவு நூற்று அறுபத்து இரண்டு.
சாயங்காலம் முதலாளி பேரேட்டில் விரலை வைத்தார்.
"அந்த ஒண்ணு எங்க?"
கொசுறு என்றேன்.
யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.