இடது கதவு

மூன்று வண்ணம் சுரண்டின பிறகுதான்
பிறந்த நிறம் தெரிந்தது.
மேலே சிவப்பு, அதன் கீழ் ஒரு பாசிப் பச்சை,
அதற்கும் கீழே எவனோ அவசரத்தில் அடித்த கறுப்பு,
எல்லாவற்றுக்கும் அடியில்
பால் கூடின தேத்தண்ணி நிறம்.

ரூஃபெனாக்டுக்கு முகம் விழுந்துவிட்டது.
அறுபத்தேழாம் ஆண்டுக் கமாரோ,
எட்டு சிலிண்டர், பிறவிச் சிவப்பு என்று சொல்லித்தான்
துன் பக்கத்து ஆள் ஒருவன் அவர் தலையில் கட்டியிருந்தான்.
எஞ்சினில் குத்தியிருந்த இலக்கமும்
தகட்டில் குத்தியிருந்த இலக்கமும்
ஒன்றையொன்று முன்பின் கண்டதில்லை.
ஆறு சிலிண்டர்தான் ஐயா இதற்கு,
யாரோ ஒரு பல் டாக்டர்
ஞாயிறுகளில் ஏரியைச் சுற்றி ஓட்டிய கார்.

அமெரிக்காவில் செய்ததுதானே, என்றார்.
ஓம், பெட்டி பெட்டியாக.
கப்பலில் பாதி வழி, ரயிலில் மீதி வழி வந்து
இதே பீலில், இந்தப் பட்டறையிலிருந்து
பஸ்ஸில் நாலு தரிப்பிடம் தள்ளி
நீளமான ஒரு கொட்டகையில் பூட்டினார்கள்.
கண்ணாடி இங்கே, சீட் துணி இங்கே,
தேத்தண்ணி நிறம் பூசினதும் இங்கேதான்.
தெருப்பெயரை இரண்டு மொழியில் எழுதுகிற ஊர்
இதற்கும் ஒரு சின்ன அலுமினியத் தகடு அடித்து
சுவிஸில் பூட்டியது என்று எழுதி அனுப்பியது.

உங்களைப் போலத்தான், என்றார் அன்பாக.
நான் மண்தாளை மாற்றினேன்.
என்னை யாரும் பெட்டியில் போட்டு அனுப்பவில்லை,
எனக்கு ஜன்னலோர சீட்.
துருப் பிடித்ததும் வேறு இடங்களில்.

நவம்பர் முழுக்க மூடுபனி.
ஜூரா மலை இன்னும் இருக்கிறதென்று
நம்பித்தான் ஆகவேண்டும்.
பெஸ்னிக் அடித்தளத்தை வெட்டி ஒட்டினான்:
சாலை உப்பு தின்ற தகரம்,
தகரத்தின் மேல் புட்டி, புட்டிக்குள் செய்தித்தாள்,
செய்தித்தாளில் ஐஸ் ஹாக்கி. பீல் தோற்றிருந்தது.

ஒரு வெள்ளி, மூன்று மணி இருக்கும்,
இடது கதவின் உள்பலகையைக் கழற்றினேன்.
ஊறி உப்பின அட்டை. அதன் பின்பக்கம்,
அரை நூற்றாண்டாய் எவரும் பாராத பக்கத்தில்
பென்சிலால் ஒரு கோடு,
இரு முனையிலும் குட்டித் தடுப்பு.
அருகில்: நினோ, பதினேழரை.

அளந்தேன். பதினேழரை சென்டிமீட்டர்,
ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை.

கொட்டகையில் இத்தாலியர் இருந்தார்கள் என்று தெரியும்.
ஒன்பது மாத அனுமதி, குடும்பத்துக்கு அனுமதி இல்லை.
கூட்டிவந்தவர்கள் பிள்ளையிடம்
இருமாதே, ஜன்னலுக்குப் போகாதே என்று சொல்லி
அறையைப் பூட்டிவிட்டுப் பூட்ட வந்தார்கள்.
வெளியே போகாத பிள்ளைக்கும் கால் வளரும்.
தூங்கும்போது கயிற்றால் அளந்து
பையில் சுருட்டி வந்து, சப்பாத்துக் கடை மூடுமுன்
இந்த அட்டையில் நீட்டிப் பார்த்திருக்கலாம்.
இல்லாமலும் இருக்கலாம்.
நினோ பக்கத்து மேசைக்காரன்,
பதினேழரை அவன் ஏரியில் பிடித்து
ஒரு வாரம் பெருமையடித்த மீன்.

மீன்தான், என்றான் பெஸ்னிக்.
பிறகு மூன்று தரம் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

புதுப் பலகை அமெரிக்காவில் அச்சு அசலாய்ச் செய்கிறார்கள்,
ஒன்று நூற்றெண்பது பிராங்க்.
இரண்டும் வாங்குங்கள், என்றார் ரூஃபெனாக்ட்.
வந்தன. வாசம்கூடப் புதிது.
நான் பழையதை ஹீட்டர் பக்கம் கிடத்தி
மேலே இரண்டு பிரேக் டிஸ்க் பாரம் வைத்து
நாலு நாள் காயவிட்டேன். பிறகு
பசை, துணி, கிளிப், கிளிப், கிளிப்.
பென்சில் பக்கம் திரும்பவும் இருட்டுக்குள் போனது.

பரிசோதனை நிலையத்தில் பிரேக் பார்த்தார்கள்,
விளக்கு, புகை. வேறு ஒன்றும் கேட்கவில்லை.
சிவப்புக்கு அடம்பிடித்த மனிதர்
தேத்தண்ணி நிறத்துக்குள் ஏறி
கதவை இழுத்துச் சாத்தினார்.
அந்தக் கனத்த, அடக்கமான சத்தம்.
இன்னொரு தரம் திறந்து சாத்தினார்.

கணக்குச் சீட்டில்
கதவுப் பலகை, வலது: புதியது.
கதவுப் பலகை, இடது: மாற்றவில்லை.
நூற்றெண்பதைக் கழித்துவிட்டு,
காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
அளவு சரி.