மூன்றாம் அறைக்காரரின் பென் டிரைவ்

ராத்திரி பதினொன்றே காலுக்குக்
கதவைத் தட்டினார் மூன்றாம் அறைக்காரர்.
சுபோத் மண்டல், மால்டா ஜில்லா.
கையில் நீலப் பென் டிரைவ்,
மூடி தொலைந்து ரப்பர் பேண்டு சுற்றியது.
"தீதி, பிரிண்ட். காலை ஏழு மணி டாக்டர்."
அவர் தமிழும் என் இந்தியும்
அவ்வளவுதான் எட்டும்.

மானிட்டர் ஓரத்தில் என் கையெழுத்திலேயே
ஒட்டியிருக்கிறது சீட்டு:
வெளியாள் பென் டிரைவ் கூடாது.
கீழே சிவப்பில் இரண்டு கோடு.
போன ஆடியில் ஒட்டியது.
தோட்டப்பாளையம் முக்கு ஜெராக்ஸ் கடைக்குப்
போய்வந்த ஒரே ஒரு பென் டிரைவ்
வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்டது அதை.
மறுநாள் ஃபோல்டரெல்லாம் ஷார்ட்கட்.
ஏலச்சீட்டுக் கணக்கு, வாடகைப் பதிவு,
நிவேதாவின் காதுகுத்துப் படங்கள்,
எல்லாம் அம்புக்குறி போட்ட வெற்று உறை.

நான் வேலை பார்ப்பது
ஆஸ்பத்திரியில் கருவி சுத்திகரிக்கும் பிரிவில்.
கத்தி, கத்தரி, இடுக்கி
நூற்று முப்பத்துநாலு டிகிரி நீராவியில் வெந்து
பட்டை நிறம் மாறினால்தான் வெளியே விடுவேன்.
பதினாறு வருஷத்தில்
ஒரு தட்டுகூடத் திரும்பி வந்ததில்லை.
அப்படிப்பட்டவள் வீட்டுப் பெட்டிக்குள் பூச்சி.
சர்வீஸுக்கு வந்த இம்தியாஸ் சிரித்தான்:
"ராஜா இல்லாத கோட்டை,
தண்ணி இல்லாத பாலாறு,
ஆன்ட்டிவைரஸ் இல்லாத கம்ப்யூட்டர்.
நம்ம ஊருக்குப் பொருத்தம்தான் அக்கா."
சிரிப்புக்கும் சேர்த்து எழுநூறு வாங்கினான்.

சுபோத் நிலையில் சாய்ந்து நிற்கிறார்.
மாடியில் அவர் மனைவி இருமுவது
ஃபேன் சத்தத்தைத் தாண்டி வருகிறது.

செருகினேன்.
திறக்கவில்லை. செருகுவது வேறு, திறப்பது வேறு.
வலது பொத்தான், ஸ்கேன்.
பச்சைக் கோடு நத்தையாய் ஊர்ந்தது.
மூன்று. பதினேழு. நாற்பத்தொன்று.
அழிக்கவா, தனிமைப்படுத்தவா?

கேட்கிற அழகைப் பார்.
எங்கள் வார்டில் இதை முடிவுசெய்ய
மூன்று டாக்டர் கூட வேண்டும்.

தனிமைப்படுத்தினேன்.
ஒன்றுமே இல்லை என்றது திரை.
அவர் முகத்தைப் பார்க்காமல்
சீட்டைப் பிய்த்துப் பின்பக்கம் திருப்பி
இம்தியாஸ் குறித்துத் தந்த வரியை
எழுத்தெழுத்தாய் அடித்தேன் கறுப்புத் திரையில்.
ஸ்பேஸ் விட மறந்து ஒருமுறை,
எழுத்து மாறி ஒருமுறை.
அப்புறம்
மங்கலாய் எழுந்து வந்தது ஒரு ஃபோல்டர்,
அம்புக்குறி இல்லாமல்.
அழித்திருக்கவில்லை. ஒளித்துத்தான் வைத்திருந்தது.

ரிப்போர்ட் நாலு பக்கம்.
கடைசிப் பத்தி எனக்குப் புரியும்.
படித்தேன். கவிழ்த்துக் கொடுத்தேன்.
"எத்தனை?" என்றார்.
பக்கத்துக்கு மூன்று ரூபாய் என்று
அறைச் சுவரில் நானே எழுதியிருக்கிறேன்.
பன்னிரண்டு ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டேன்.
வாங்காவிட்டால் புரிந்துகொண்டுவிடுவார்.

பிறகு வெளி டிஸ்கில் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து
ஒயரைப் பிடுங்கி, பழைய சாக்ஸுக்குள் போட்டு
பீரோவில் ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.
பாஸ்வேர்டை மாற்றினேன்.
பழையது நிவேதா பிறந்த தேதி,
தெருவுக்கே தெரியும்.

போய்க் கை கழுவினேன்,
நகக்கண் தொட்டு முழங்கை வரை. பழக்கம்.
வந்து பார்த்தால்
அப்டேட் அறுபத்தெட்டு சதவீதம்.
கணினியை அணைக்க வேண்டாம் என்கிறது.
மாடியில் மூன்றாம் அறை விளக்கும்
அணையவில்லை.