ஆணித்துளைகள்

வெள்ளிக்கிழமை. வீட்டில் மரக்கறி.
என் பைக்குள் மாட்டு முழங்கால் இரண்டு,
லன்ச் ஷீட்டில் சுற்றி, மேலே ஐஸ்.
தெமட்டகொடையில் ஃபவ்ஸர் நானா
மிச்சக் காசை எண்ணியபடி கேட்பார்:
"சூப்புக்கோ, டீச்சர்?"
இல்லையென்றால் விளக்க வேண்டும்.
ஓமென்று தலையாட்டிவிட்டு
பொரளைக்கு த்ரீவீல் பிடிப்பேன்.

மூட்டின் நுனியில் நீலம் கலந்த வெண்மை,
முற்றிய வழுக்கையைவிடக் கொஞ்சம் கடினம்.
அதைத்தான் சீவி எடுக்கிறேன்.
சவர்க்காரக் கரைசலில் மூன்று நாள்,
பிறகு நீரில், பிறகும் நீரில்.
மாடு போய்விடும்.
அது மேய்ந்த இடம், கடைசி நேரத்துப் பயம்,
கலம் கலமாக எல்லாம் போய்விடும்.
மிஞ்சுவது
கலங்கள் குடியிருந்த வீடு.

வெள்ளவத்தையில் எனக்கு இது ஏழாவது அனெக்ஸ்.
ஆணி அடிக்கக் கூடாது என்பார்கள்.
யாரோ அடித்திருப்பார்கள்.
வந்த முதல் இரவே தெரிந்துவிடும்,
இங்கே கண்ணாடி, இங்கே கலண்டர்,
இங்கே, தரையோடு ஒட்டி,
ஒரு பிள்ளையின் பென்சில் கிறுக்கல்.
முன்னே இருந்தவர்களை நான் கண்டதில்லை.
அவர்களுடைய துளையில்தான்
என் கைப்பை தொங்குகிறது.

புதிய கலங்களும் அப்படித்தான்.
இன்னும் எதுவாகவும் ஆகாமல் வருகின்றன.
எலும்பைக் கழுவி அரைத்த மையில் விட்டால்
சுண்ணாம்பு சேர்க்கத் தொடங்குகின்றன.
குருத்தெலும்பு மையில்
உருண்டு, தண்ணீரைப் பிடித்துவைக்கின்றன.
தசையின் மையிலோ ஒன்றோடொன்று ஒட்டி
நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுகின்றன.
நான் ஒன்றும் சொல்லிக்கொடுப்பதில்லை.
சுவர் சொல்கிறது.

எப்போதுமல்ல.
போன மாதம் எலும்பு மைக்குள் விட்டவற்றில் பாதி
கொழுப்பாகிக் கொழுத்துக் கிடந்தன.
சுவரை வாசிக்காத குடித்தனமும் உண்டு.

மை என்றால் கறுப்பல்ல. கஞ்சித் தண்ணீர் நிறம்.
நாலு பாகையில் ஓடும், உடம்புச் சூட்டில் உறையும்.
இரண்டுக்கும் நடுவில்
ஏப்ரல், கொழும்பு, மின்வெட்டு.
செவ்வாய் பின்னேரம் இரண்டு பத்துக்கு
ஏசி நின்றது, பிரிண்டர் நின்றது,
ஊசிக்குள்ளேயே இறுகிப்போனது மூன்று கிழமை வேலை.
நிர்மனி சிங்களத்தில் ஒரு சொல் சொன்னாள்.
அதையே நான் தமிழில் சொன்னேன்.
கரண்ட் வந்ததும் சிரிஞ்சை இருவருமாக அழுத்தினோம்:
வெள்ளைப் புழு ஒன்று தட்டில் விழுந்து
விழுந்தபடியே கிடந்தது,
எவருக்கும் மூட்டாகாத மூட்டு.

வாசலில் காவல் பியசிறி.
இடது காலைப் படியில் வைத்து,
வலது காலை இழுத்து அதனருகே சேர்த்து,
கொஞ்சம் நின்று, அடுத்த படி.
"எனக்கு எப்ப, மிஸ்?"
பொய் சொல்ல ஆசைதான்.
முதலில் எலி, என்றேன். பிறகு ஆடு.
அதற்குப் பிறகு வருடங்கள், கையெழுத்துகள்.
தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்:
"அப்ப ஆட்டுக்குப் பின்னால நான்.
கியூ நமக்குப் பழக்கம்தானே."

ஒன்பதாம் நாள் இரவு.
இரண்டு குட்டித் தூண்களுக்கிடையே
இழுத்துக் கட்டிய தசை, சம்பா அரிசி நீளம்.
மின் கொடுக்கவில்லை, தொடவில்லை.
நுணுக்குக்காட்டியில் கண்ணை வைத்தபோது
ஒருதரம் துடித்தது.
கொட்டா வீதியில் ரயில் போயிருக்கும், மேசை அதிர்ந்திருக்கும்,
என் கண்ணாகவும் இருக்கலாம்.
மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.
ரயில் இல்லை.
திரும்பவும் துடித்தது.

கொப்பியில் நேரம் எழுதினேன்: 11.47.
காரணம் என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து, எடுத்தேன்.

வீட்டுக்காரர் மேலே குறட்டை விடும்வரை பொறுத்திருந்து
செருப்புக் குதியால்,
இரண்டே அடியில்,
புதிதாக ஓர் ஆணி அடித்தேன்.
மாட்டுவதற்கு இன்னும் ஒன்றுமில்லை.