கீழ்வரிசை, இடப்பக்கம்

டுலூத் நகர நீதிமன்றக் கட்டடம், முதல் மாடி,
மூன்றாம் ஜன்னல்.
திருமண உரிமம் வேண்டுவோர் என்னிடம்தான் வரவேண்டும்.
இருபத்திரண்டு வருடம்.
பேனா தருவேன், மறக்காமல் திரும்ப வாங்கிக்கொள்வேன்.

ஒரு கல்யாணத்தை உண்டாக்க
என்னென்ன வேண்டுமென்று எனக்குத் தெரியும்:
இரண்டு கையெழுத்து, இரண்டு சாட்சி,
கட்டணம், என் முத்திரை.
உடைக்க வேண்டுமானால் மேல்மாடிக்குப் போகவேண்டும்.
அங்கே அழுவதற்கென்றே ஒரு பெஞ்சும்
காகிதக் கைக்குட்டைப் பெட்டியும் உண்டு.
நடக்கவே இல்லை என்று எழுதித்தர
எந்த மாடியிலும் படிவம் கிடையாது.

சாம்பல் நாரைக்கு மட்டும் கிடைத்திருக்கிறது.

இதழ் முந்நூற்றுப் பதினொன்று, பக்கம் பத்தொன்பது.
எங்கிருந்தோ ஒரு மணற்கடிகாரம் வருகிறது,
எவனோ அதைக் கவிழ்க்கிறான்,
வெள்ளையாய் ஒரு கட்டம்.
அடுத்த பக்கத்தில்
கிளிஃப்டன் ரோவ் ஒற்றைக் கட்டிலில் விழித்தெழுகிறான்,
தாடி மழித்து, பத்து வயது குறைந்து.
டெசா சாகவில்லை. பிரிந்து போகவில்லை.
இருந்ததே இல்லை.

ஆயிரம் பொய் சொல்லி
ஒரு கல்யாணத்தை நடத்துவார்கள்.
இவர்களுக்கு ஒரே பொய் போதுமாயிற்று.

நான் எளிதில் கோபப்படுகிறவள் அல்ல.
அவனை மூன்று முறை கொன்றார்கள், பொறுத்தேன்.
செத்தது அவனல்ல, அவன் நகல் என்றார்கள்,
சரி என்று தலையாட்டினேன்.
யாரும் கேள்விப்படாத மகன் ஒருவனை
எதிர்காலத்திலிருந்து இறக்கினார்கள்,
ஆறே இதழில் அவனை மறந்தும் போனார்கள்.
என் காதில் இவர்கள் சுற்றிய பூவை வைத்து
ஒரு பூக்கடையே போடலாம்.
ஆனால் டெசா.

டெசா பல் மருத்துவர்.
விடிகாலை மூன்று மணிக்கு
உடைந்த பல்லோடு அவன் ஜன்னல் வழியே வருவான்.
"ஷூவை வெளியே கழற்று" என்பாள் முதலில்.
பிறகுதான் விளக்கைத் திருப்புவாள்.
நூற்று அறுபத்து மூன்றாம் இதழில் சண்டையே கிடையாது.
இருபத்திரண்டு பக்கமும்
ஒரே ஒரு பல்லை அடைக்கிறாள்,
கீழ்வரிசை, இடப்பக்கம், கடைசிக்கு முந்தையது.
பறக்கத் தெரிந்தவன் வாயைத் திறந்தபடி கிடக்கிறான்,
அவள் எரிவாயு பில்லைப் பற்றிப் பேசிக்கொண்டே இருக்கிறாள்.
அவன் உலகத்தைக் காப்பாற்றிய இதழ்களெல்லாம்
மழையில் நனைந்தாலும் எனக்குக் கவலையில்லை.
அந்த ஒன்றைத் தரமாட்டேன்.

மனைவி இருந்தால் நாயகனுக்கு வயதாகிவிடுகிறதாம்.
ஆசிரியர் குழு அப்படிச் சொல்லியிருக்கிறது.
வயது எனக்கும்தான் ஆகிறது, ஐயா.
அதற்காக நான் யாரையும் அழிக்கவில்லை.

புதன்கிழமை. நவம்பர்.
ஏரிக்காற்று காதை அறுக்கிறது.
ஓர்வில் கடையில் ஹீட்டர் வேலை செய்யவில்லை,
கோபம் வேலை செய்கிறது.
பனி அள்ளும் வண்டி ஓட்டுகிற லைல் ஹக்காலா
இனி ஒரு காசு தரமாட்டேன் என்கிறான்,
சொல்லிக்கொண்டே புது இதழை எடுக்கிறான்.
"வாங்காவிட்டால் எதைத் திட்டுவது?"
நானும் எடுத்தேன்.
பக்கத்தில் பள்ளிப் பையோடு ஒரு சிறுமி,
பல்லில் கம்பி.
எங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"டெசா யாரு?"

தூக்குப்பாலத்தில் கப்பலுக்குச் சங்கு ஊதினார்கள்.
அது ஓய்ந்த பிறகும்
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மதிய இடைவேளையில் ஜன்னலைச் சாத்திவிட்டு
பூதக்கண்ணாடியை எடுத்தேன்,
கள்ளக் கையெழுத்துக்கென்று வைத்திருப்பது.
பக்கம் எட்டு. யாரோ ஒரு புதியவள் ஏதோ சொல்கிறாள்,
கிளிஃப்டன் வாய்விட்டுச் சிரிக்கிறான்.
கீழ்வரிசை, இடப்பக்கம்,
ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி.

மை தெறித்திருக்கலாம்.
வரைந்தவர் பழைய ஆள்,
கை தன் போக்கில் போயிருக்கலாம்.

இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்தேன்.
ஈரக் கோட்டோடு ஒரு ஜோடி நின்றிருந்தது.
சாட்சிக்கு ஒருவர்தான் வந்திருக்கிறார்,
போதுமா என்றார்கள்.