பழுது மாறாத வீடு

கல்யாணப் பத்திரிகையில்
மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விழுந்தால்
கண்டுபிடிப்பது என் வேலை.
ஆண்டர்சன் தெருவில் பதினாலு வருஷம்.
வேண்டாத சொல்லைக் குறுக்கே அடிப்போம்.
அடித்தது இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றினால்
அதன் அடியில் புள்ளி புள்ளியாய் வைப்போம்.
அச்சுக்காரருக்குப் புரியும்.

அதனால் தரகர் முனாஃப் பாய்
என் வீட்டை விற்க நோட்டீஸ் எழுதி
என்னிடமே திருத்தத் தந்ததில்
அவருக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை.
என் வீடு என்றேனா,
அடியுங்கள் அதை.
வாடகை ஒன்பதாயிரம், கரண்ட் தனி.

பவளக்காரத் தெரு, இரண்டாம் மாடி.
பர்மா தேக்கு உத்தரம் பதினேழு என்றிருந்தது.
படுத்துக்கொண்டு எண்ணியவள் நான், பதினாறுதான்.
பதினேழாவது தண்டவாள இரும்பு,
யாரோ எப்போதோ முட்டுக் கொடுத்தது.
ஜன்னலுக்கு மேல் அரைவட்டமாய்ப்
பச்சையும் நீலமும் கண்ணாடி. அது நிஜம்.
துறைமுகம் பார்த்த பால்கனி.
பார்த்த என்பது இறந்தகாலம்,
நடுவில் ஆறு மாடி லாட்ஜ் வந்துவிட்டது.
இலக்கணப்படி சரி என்று விட்டேன்.

தலைப்பு, பழமை மாறாத வீடு.
டைப் அடித்த தேவேந்திரன்
சாப்பாட்டு அவசரத்தில்
பழுது மாறாத என்று அடித்திருந்தான்.

சிவப்புப் பேனா மூடியைத் திறந்தேன்.
கொஞ்ச நேரம் பார்த்தேன்.
மூடினேன்.
ஆயிரம் காப்பி.

வீட்டுக்காரர் ஓசூரில்.
வருகிறவர்களுக்குக் கதவு, விளக்கு, குடிக்கத் தண்ணீர்
எல்லாம் நான்தான்.
ஓர் ஆர்க்கிடெக்ட் ஜோடி வந்தது.
சுவரைத் தடவித் தடவி
கேரக்டர், கேரக்டர் என்றார்கள்.
கழிவறை கீழே முற்றத்தில் என்றதும்
கேரக்டர் போதும் என்று இறங்கினார்கள்.
நீலாங்கரைக்காரர் ஒருவர் அண்ணாந்தே பார்க்கவில்லை.
மற்ற போர்ஷன்களும் கிடைக்குமா,
இடித்தால் எத்தனை மாடி போடலாம்
என்று விரல் மடக்கினார்.

ரோஸலின் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
காசிமேட்டில் போட் எஞ்சின் பிரித்து மாட்டுபவள்.
நகக்கண்ணெல்லாம் கறுப்பு.
கையில் நாலாய் மடித்த நோட்டீஸ்.
"ஊர்ல ஒர்த்தனாச்சும் உண்மைய எழுதிக்கிறானேன்னு
வந்தேன்."
முனாஃப் பாய் நோட்டீஸைப் பிடுங்கிப் படித்தார்,
தொப்பியைக் கழற்றினார், போட்டார்,
என்னைப் பார்த்தார்.
நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

அப்போதுதான் கீழ்க் கிடங்கில் கம்பி இறக்கினார்கள்.
அலமாரி டம்ளர் மொத்தமும் பேச ஆரம்பித்தது.
அவள் குந்தி, தரையில் உள்ளங்கை வைத்து,
சுவரில் காது வைத்து,
அடங்கும்வரை இருந்தாள்.
"எத்தினி வருஷமா இப்டி ஆடுது?"
நான் வந்ததிலிருந்து.
"அப்போ ஓடிக்கினுதான் கீது.
சத்தம் நின்னாதான் பயப்படணும்."

தண்ணீர் இருபத்துநாலு மணி நேரமும் என்பது
எனக்குப் பாய் சொல்லித்தந்த பதில்.
நாலே காலுக்கு வரும் என்றேன்.
கீழே அடிபம்பு, ஆறு குடம்,
ஏழாவது குடம் பிடித்தால் மேல்வீட்டில் சண்டை.
ஏழாவது படியிலும் கால் வைக்காதீர்கள்.
ஐப்பசியில் வடக்கு மூலை ஒழுகும்,
அதற்கென்று ஓர் ஈயப் பாத்திரம் இருக்கிறது, தருகிறேன்.
ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தேன்,
சீர்வரிசைத் தட்டு வைப்பதுபோல்.
பாய் பால்கனிக்குப் போய்
இல்லாத கடலைப் பார்த்தார்.

"நீ எங்க போவ?" என்றாள்.

இத்தனை பேரில் ஒருவரும் கேட்காதது.
தெரியாது என்றேன்.
அவளும் ஒன்றும் சொல்லவில்லை.
நோட்டீஸை மடித்த மடிப்பிலேயே மடித்து
ஏழாம் படியைத் தாண்டி இறங்கிப் போனாள்.
தெருவில் மீன்பாடி வண்டி நகரும் ஓசை.

சுவரில் அவள் விரல் ஊன்றிய இடத்தில்
வரிசையாய் நாலு கிரீஸ் புள்ளி.
துணியை நனைத்துக்கொண்டு வந்தேன்.
பிழிந்து
கொடியில் போட்டுவிட்டேன்.