ஐந்துக்கு நான்கு

விமான நிலையத்தை ஒட்டிய ஹோட்டலில்
ஜன்னல் இல்லாத அறை.
ஒன்பது பேர், ஆறிய காபி.
பதினொரு கல்லூரிகளின் கிராஸ் கன்ட்ரி சாம்பியன்ஷிப்
அடுத்த நவம்பரில் எந்த ஊரில்?

ஒமாஹா கேட்டிருந்தது வழவழப்பான தாளில்:
ஆயிரத்து இருநூறு அறைகள்,
படிய வாரிய தலைபோல் ஒரு கோல்ஃப் மைதானம்,
ஆளுக்கொரு தொப்பி வேறு.

ஆல்டர்ஃபோர்க் அனுப்பியது
நூலகத்தில் நகலெடுத்த நான்கு பக்கம்.
மூன்றாவது மேட்டில் எதிர்க்காற்று அடிக்கும் என்பதை
மறைக்காமல் எழுதியிருந்தார்கள்.
விடுதி இரண்டு, அறை அறுபத்தொன்று.
"மிச்சப் பேருக்கு எங்கள் வீடுகள் இருக்கின்றன.
நாய் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடவும்."

டுவேன் ஸ்ட்ராண்ட் அந்த வரியை
உரக்கப் படித்தார்.
சிரித்தோம்.
நானும்.

ஐந்துக்கு நான்கு.
அந்த நான்கில் நான் இல்லை.

தகவல் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.
மார்லிஸ் எங்கெப்ரெட்சன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார்.
பின்னால் ஏதோ இரைச்சல்.
"ஒரு நிமிஷம், புல்வெட்டியை நிறுத்திவிடுகிறேன்."

நிறுத்தினார்.
சொன்னேன்.

"எத்தனை ஓட்டில் போச்சு?"
ஒன்று.
யாருடையது என்று அவர் கேட்கவில்லை.

"சரி. பாதிப் பாதை வெட்டியாச்சு,
மீதியை அப்படியே விட முடியுமா"
என்றபடி கயிற்றை இழுத்தார்.
இரண்டு முறை இருமி, பிடித்துக்கொண்டது.

போனை அணைக்க மறந்திருந்தார்.
நானும் வைக்கவில்லை,
மூன்றாவது மேட்டில்
காற்று வந்து
இயந்திரச் சத்தத்தை மூடும்வரை.