கத்திரி முடியும்வரை

மே நாலு. கத்திரி தொடக்கம்
என்கிறது நாட்காட்டி.
மாடியில் என் கத்திரி
போன வாரமே முடிந்துவிட்டது.

இலவம்பாடி முள்ளுக் கத்திரி.
காம்பில் முள், இலை நரம்பில் முள்,
பறிக்க வருகிற கையை
யார் எவர் என்று கேட்காமல் விடாது.
கடைசிக் காய் கோலிக்குண்டு அளவில் நின்று
மஞ்சளாகி, விதையாகி,
பழைய மாத்திரை டப்பாவில்
சாம்பலோடு படுத்திருக்கிறது.
மூடியில் என் கையெழுத்து: முள். நல்லது. மார்ச்.
எந்த வருடத்து மார்ச்
என்று எழுதும் வழக்கமில்லை.

பதினேழு பை காலி.
மண்ணைத் தார்ப்பாயில் கொட்டிப் பரப்பியிருக்கிறேன்,
வெயில் வறுக்கட்டும் என்று.
வேர்ப்புழு செத்ததா என்று கிளறினால்
விரல்தான் சுட்டுக்கொள்கிறது.

சத்துவாச்சாரியில் எங்கள் தெருவுக்கு
ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
குழாய் முதலில் இருமும், அப்புறம் பெருமூச்சு விடும்,
அப்புறம் நூல் மாதிரி.
ஜெயசீலி வீட்டு ஏசி சொட்டுகிற இடத்தில்
என் வாளி நிற்கிறது.
அவளுக்குத் தெரியும். தெரியாதவள் போலவே
துணி காயப்போடுகிறாள்.
அந்த வாளி கறிவேப்பிலைக்கும்
ஒற்றை மல்லிக்கும் மட்டும்.
வேறு யாருக்கும் இந்த மாதம் ரேஷன் இல்லை.

கையில் வேலை இல்லாத தோட்டக்காரிக்கு
தலையில் வேலை அதிகம்.
இரவு கரண்ட் போனதும் மேலே வருவேன்.
மலை, பகலில் வாங்கிய சூட்டை
வட்டியோடு திருப்பிக்கொண்டிருக்கும்.
தக்காளியை ஏன் தொட்டி நிழலில் வைத்தேன்?
பாகல் கொடியை எதற்குக் கேபிள் வயரில் ஏற்றினேன்?
(திருவேங்கடம் வந்து வயரை மாற்றினார், பாகலோடு.)
வெண்டையை ஏன் அவ்வளவு நம்பினேன்?
மண், பை, தென்னைநார், வேப்பம்பிண்ணாக்கு
எல்லாம் கூட்டி வகுத்தால்
ஒரு காய் நாற்பத்திரண்டு ரூபாய்.
மார்க்கெட்டில் ஒரு கிலோவே அவ்வளவுதான்.
வீட்டுக்காரர் கண்ணில் படுமுன்
அந்தத் தாளைக் கிழித்தேன்.

போன ஐப்பசியில்
மாடி அறைக்கு மால்டாவிலிருந்து இருவர்.
ஆஸ்பத்திரிக்கு.
இந்த ஊரில் பல வீட்டில் ஓர் அறை அப்படித்தான்,
யாருடைய நோய்க்கோ பெருக்கித் துடைத்து வைத்தது.
அவருக்குக் கல்லீரல். அவள் மினதி.
அவளுக்குத் தெரிந்த தமிழ் 'எவ்ளோ', 'வேணாம்'.
எனக்கு அதுகூட அவள் பாஷையில் வராது.
ரிப்போர்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில்
என் பைகளுக்கு நடுவே குந்தியிருப்பாள்.
களையென்று நான் பிடுங்கி எறிந்ததைப் பொறுக்கி
கடுகெண்ணெயில் வதக்கி
ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள்.
தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.
அன்றிலிருந்து களை எடுக்கக் கை தயங்குகிறது.

கிளம்பும்போது செய்தித்தாள் மடிப்பில்
மிளகு போல் பத்துப் பன்னிரண்டு விதை.
'பூயி' என்றாள். கையை மேலே மேலே கொண்டுபோய்க்
கொடி என்று காட்டினாள்.
மூன்று மாதத்தில் மறுபரிசோதனை.
தை போயிற்று. மாசி, பங்குனி போயிற்று.
அவள் எண் என் போனில் இருக்கிறது.
கூப்பிட்டால் எந்தச் சொல்லால் கேட்பது?

விதைக்கு உயிர் இருக்கிறதா என்று
ஒன்றை ஈரத்துணியில் முடிந்து பார்க்கலாம்.
மூன்றே நாள்.
பார்க்கவில்லை.
முளைக்காவிட்டால், அதையும் ஒரு சேதியென்று
எடுத்துக்கொள்ளும் இந்த மனசு.

நேற்று சாயங்காலம் ஆம்பூர்ப் பக்கம் இடி.
இங்கே புழுதி, கதவுகள், நாலே சொட்டு.
தார்ப்பாய் மண்ணில் நாலு குழி விழுந்து
ஒரு வாசனை எழுந்து
நான் படியேறுமுன் தீர்ந்துவிட்டது.

அறைக்கு அசாமிலிருந்து ஆள் வருகிறார்கள்.
சரியென்று சொல்லிவிட்டேன்.
ஜன்னல் மேட்டிலிருந்த மடிப்பை எடுத்து
டப்பாவில் போட்டு
மூடியில் எழுதினேன்: பூயி. மினதி. ஐப்பசி.
ஆடிக்கு இன்னும் எவ்வளவோ நாள்.
பேனாவை மூடப்போனவள்
வருடத்தையும் எழுதினேன்.